வேலி போட்டுப் பாதுகாத்த இடத்திலேயே பட்டாம்பூச்சி அழிந்தது எப்படி?

கார்த்திகா_பிரிஸ்டல்

வணக்கம் எல்லோருக்கும். பூச்சிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு (ஒன்பது வயது, ஊர்ந்துபோகிற எதையும் விடமாட்டான்) இங்கிலாந்தின் சாமர்செட்டில் காலர்ட் ஹில் என்ற குன்றுக்குப் போயிருந்தேன். லார்ஜ் புளூ என்று ஒரு அரிய பட்டாம்பூச்சி, அதை நம்மைப் போன்றவர்கள் போய்ப் பார்க்க முடிகிற சில இடங்களில் அது ஒன்று. மூன்று மணி நேரம் சரிவில் ஏறி இறங்கி இரண்டே இரண்டு பார்த்தோம். பெயரில்தான் லார்ஜ், நம் ஊர் எலுமிச்சை அழகிக்குப் பக்கத்தில் வைத்தால் பாதிதான் இருக்கும். ஆனால் நீலச் சிறகில் மை தெறித்த மாதிரி கறுப்புப் பொட்டுகள், அழகாகத்தான் இருந்தது.

அங்கே தன்னார்வலராக நின்றிருந்த ஒரு அம்மா சொன்னது என் மண்டையைக் குடைகிறது. இந்தப் பூச்சி 1979இலேயே பிரிட்டனில் அழிந்துவிட்டதாம், நாங்கள் பார்த்தது ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்ததன் வம்சமாம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முன்பு இதைக் காப்பாற்றுவதற்காக வேலி போட்ட இடங்களிலும் அது பிழைக்கவில்லை, இப்போது மாடும் ஆடும் மேய்வதால்தான் இருக்கிறது என்றார். அதற்குள் ஒரு கூட்டம் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது, மேலே கேட்க முடியவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். பூவில் முட்டையிடும் பூச்சி, அந்தப் பூச்செடியை ஆடு தின்னாமல் வேலி போட்டால் நல்லதுதானே? மேயவிட்டால் புழு மிதிபட்டுச் சாகாதா? வேலி எப்படி ஒரு பூச்சியைக் கொல்லும்? தெரிந்தவர்கள் விளக்குங்கள். மகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எறும்புமணி

தங்கச்சி, கேள்வி சிறுபிள்ளைத்தனமானது இல்லை. இதே கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்த நாட்டின் பெரிய பெரிய பூச்சி நிபுணர்களே ஐம்பது வருடம் தடுமாறினார்கள். பதில் பூவில் இல்லை, எறும்பில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

தாய்ப்பூச்சி காட்டு தைம் செடியின் மொட்டில் முட்டையிடும். (தைம் என்றால் வேறொன்றுமில்லை, நம் துளசி, ஓமவல்லி குடும்பம்தான், கசக்கி முகர்ந்தால் ஓம வாசனை வரும்.) பொரிந்து வரும் புழு இரண்டு மூன்று வாரம் அந்தப் பூவைத் தின்னும். ஒரே பூங்கொத்தில் இரண்டு புழு இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும், அப்போதே அதன் குணம் தெரிந்துவிடும். அப்புறம் ஒருநாள் மாலையில், நாலு மில்லிமீட்டர் நீளம்கூட முழுசாக இல்லாதபோது, பூவை விட்டுப் பொத்தென்று தரையில் விழுந்துவிடும். அதோடு அது செடி தின்பது முடிந்தது. விழுந்த இடத்திலேயே காத்துக் கிடக்கும்.

எதற்கு? மிர்மிக்கா என்ற சிவப்பெறும்பு வருவதற்கு. எறும்பு வந்து தடவிப் பார்க்கும், புழு முதுகிலிருந்து ஒரு சொட்டு இனிப்பு நீரைச் சுரந்து கொடுக்கும், இந்த உபசாரம் சில சமயம் மணிக்கணக்கில் நடக்கும். கடைசியில் புழு உடம்பைக் கூன்போட்டு உப்பி நிற்கும். வாசனை, தொட்டால் தெரிகிற மென்மை, எல்லாம் எறும்புக் குஞ்சைப் போலவே. எறும்பு "அடடா, நம் வீட்டுப் பிள்ளை வெளியே கிடக்கிறதே" என்று தூக்கிக்கொண்டு கூட்டுக்குள் போய்விடும்.

காக்கைக் கூட்டுக் குயில் குஞ்சு ஞாபகம் வருகிறதா? அதைவிட மோசம். குயில் குஞ்சு ஊட்டிவிடுவதை வாங்கித் தின்னும். இந்தப் பட்டாம்பூச்சியின் உறவுக்கார இனங்களில் சில அப்படித்தான், எறும்புகளிடம் ஊட்டு வாங்கி வளர்கின்றன. லார்ஜ் புளூ நேரடியாக எறும்பின் புழுக்களையே தின்கிறது. அதுவும் பெரிய புழுக்களாகப் பார்த்து. சின்னவை வளரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. குளிர்காலத்துத் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து மாதம் கூட்டுக்குள்தான் வாசம், சில புழுக்கள் ஒரு வருடம் கூடுதலாகவும் தங்கிவிடும். அதன் முழு எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் அங்கே ஏறியதுதான்.

கணக்கும் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பட்டாம்பூச்சி வளர்ந்து வெளியே வர 350க்கும் மேல் வேலைக்கார எறும்புகள் உள்ள கூடு வேண்டும். அதே கூட்டுக்குள் நாலைந்து புழுக்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் எல்லாமே பட்டினிதான். அதனால் கூடுகள் நெருக்கமாக, நிறைய இருக்க வேண்டும், தைம் செடிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம். புழு எறும்புக் கூட்டில் வளர்கிறது என்பது 1915 வாக்கிலேயே தெரியும். ஆனால் சிவப்பெறும்பு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார்கள். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், கடித்தாலும் ஒரே மாதிரிதான். ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் 1972 முதல் கடைசியாக மிஞ்சியிருந்த இடத்திலேயே பழியாகக் கிடந்து கவனித்த பிறகுதான் தெரிந்தது. மற்ற மிர்மிக்கா கூடுகளுக்குள்ளும் புழுவைத் தூக்கிப் போகின்றன, ஆனால் அங்கே அது பிழைப்பது அபூர்வம். மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஒரே ஒரு இனத்தின் கூட்டில்தான் ஒழுங்காகப் பிழைக்கிறது.

அந்தச் சபுலெட்டி ஒரு வெயில் விரும்பி. இங்கிலாந்து அதற்குக் குளிர்ந்த ஊர். தெற்கு பார்த்த சரிவு, புல் மூன்று சென்டிமீட்டருக்குள், வெயில் நேராக மண்ணில் படவேண்டும், அப்போதுதான் வாழும். புல் கொஞ்சம் உயர்ந்தால் நிழல் விழுந்து மண்ணின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சபுலெட்டி போய், குளிரைத் தாங்கும் வேறொரு சிவப்பெறும்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே தைம் அப்படியே பூத்துக்கொண்டிருக்கும், பட்டாம்பூச்சி முட்டையிடும், எறும்பு தூக்கிக்கொண்டும் போகும். உள்ளே போன புழு வெளியே வராது.

இப்போது வேலியை நினைத்துப் பாருங்கள். சேகரிப்பாளர்கள் வலையோடு வந்து பிடித்துப் போகிறார்கள் என்று வேலி போட்டார்கள். வேலி ஆட்டையும் சேர்த்து வெளியே நிறுத்தியது. புல் வளர்ந்தது. மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வேலுச்சாமி_தாராபுரம்

ஏனுங்க அம்மணி, மணி அண்ணன் எறும்புக் கதையைச் சொல்லிட்டார், நான் ஆட்டுக் கதையைச் சொல்றேன். எங்கள் குடும்பம் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) வைத்து ஆடு மாடு மேய்க்கிற குடும்பம். எங்கள் பக்கம் காட்டைச் சுற்றி கிளுவை வேலி போடுவது ஆட்டை உள்ளே வைத்து மேய்க்க. அவர்கள் வேலி போட்டது ஆட்டை வெளியே நிறுத்த. பெயர் ஒன்றுதான், வேலை நேர் எதிர்.

மேய்க்கிறவனுக்கு இது புதுசில்லை. கொழுக்கட்டைப் புல் இருக்கிற காட்டை இரண்டு வருடம் சும்மா போட்டுப் பாருங்கள், புல் முற்றி, மேலே காய்ந்த சருகு மூடி, அடியில் சின்னப் பூண்டுகள் ஒன்றும் எழும்பாது. மேய்ச்சல் நின்ற புல்வெளி புல்வெளியாகவே இருக்காது, முதலில் புதர், அப்புறம் மரம். அதற்காக வருடம் முழுக்க ஒட்ட மேய்த்தாலும் நாசம்தான். எப்போது விடுவது, எப்போது ஓட்டிவருவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர்களும் பூக்கிற பருவத்தில் மேய்ச்சலைக் குறைத்து மற்ற மாதங்களில் கூட்டுகிறார்கள் என்று படித்தேன். மிதிபடாதா என்று கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பதில். பூவில் புழு இருப்பது இரண்டு மூன்று வாரம்தான், மீதி நாளெல்லாம் மண்ணுக்குள் பத்திரம்.

இன்னொன்று, மணி அண்ணன் விட்டுவிட்டார். முயல். அங்கே ஆடு மாடு குறைந்த பிறகும் பல சரிவுகளில் புல்லைக் கட்டையாக வைத்திருந்தது காட்டு முயல்தான். 1953இல் மிக்சோமாட்டோசிஸ் என்ற முயல் நோய் பிரிட்டனுக்குள் வந்தது, இரண்டு மூன்று வருடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயல் செத்தது. பயிர் பிழைத்தது என்று விவசாயிகளுக்குச் சந்தோஷம் (அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், முயல் வாயில் பயிரைக் கொடுத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்). சரிவுகளில் புல் மண்டியது. முயலுக்கு வந்த நோயில் பட்டாம்பூச்சி சாகும் என்று யார் கண்டது.

ராஜ்_78

ஆக, சேகரிப்பாளர்கள் மேல் வீண் பழி போட்டார்கள், அவர்கள் நிரபராதிகள், அப்படித்தானே?

எறும்புமணி

நிரபராதி என்று சொல்லமாட்டேன். ஒரு இடத்தில் ஐம்பது பூச்சிதான் மிச்சம் என்றால் அதில் பத்தைப் பிடித்து ஊசியில் குத்துகிறவன் கெடுதல்தான் செய்கிறான். 2017இல்கூட இங்கிலாந்தில் ஒருவர் லார்ஜ் புளூவைப் பிடித்துக் கொன்றதற்காக நீதிமன்றம் ஆறு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கொடுத்தது. ஆனால் இனம் அழிந்ததற்கு மூல காரணம் அவர்கள் இல்லை. திருடனைப் பிடிக்க வாசலில் காவல் போட்டுவிட்டு வீட்டுக்குள் அடுப்பை அணைத்துவிட்ட கதை.

கார்த்திகா_பிரிஸ்டல்

மணி அண்ணா, வேலுச்சாமி அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. மகனுக்கு வாசித்துக் காட்டினேன், புழு எறும்பை ஏமாற்றும் இடத்தை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னான்.

ஆனால் இப்போது வேறு இரண்டு சந்தேகம். 1970களிலேயே காரணம் தெரிந்துவிட்டது என்றால் 1979இல் ஏன் அழிய விட்டார்கள்? அப்புறம் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்தால் அது அதே பட்டாம்பூச்சியா? என் கணவர் "நம் ஊர் நாட்டு மாடு அழிந்தபிறகு ஜெர்சியைக் கொண்டுவந்து கட்டிவிட்டு மாடு திரும்பிவிட்டது என்று சொல்வது மாதிரி இருக்கிறதே" என்கிறார்.

எறும்புமணி

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் ஜெர்சி உவமை கொஞ்சம் அதிகம். இது காங்கேயம் அழிந்த இடத்தில் பர்கூரைக் கொண்டுவந்து விட்ட மாதிரி. இனம் ஒன்றுதான். பிரிட்டனில் இருந்த வகையைத் தனித் துணையினம் என்று பிரித்து வைத்திருந்தார்கள், அது போனது போனதுதான், யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தார்கள்.

ஏன் அழிய விட்டார்கள் என்றால், விடவில்லை, நேரம் போதவில்லை. காரணம் புரிந்தபோது தென்மேற்கு இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தின் ஓரத்தில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அங்கே புல்லைச் சரிசெய்து எறும்பும் பெருகத் தொடங்கிய நேரத்தில் 1976இன் பெரிய வறட்சி வந்தது. ஏற்கெனவே விரல்விட்டு எண்ணுகிற நிலையில் இருந்த கூட்டம், மீளவே இல்லை. வைத்தியம் கண்டுபிடித்த அன்று நோயாளி போய்விட்டார். இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு பிசையும்.

ஆனால் எறும்பு இருந்தது, தைம் இருந்தது, என்ன செய்யவேண்டும் என்ற அறிவும் கையில் இருந்தது. அதனால் 1983இல் ஸ்வீடனின் ஓலாண்டு தீவிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து டார்ட்மூரில் விட்டுப் பார்த்தார்கள். இதில் சும்மா கிடைத்த பூச்சியை அள்ளிக்கொண்டு வரவில்லை. பூச்சி வெளியே வரும் நாளும் அந்த ஊர்த் தைம் மொட்டுவிடும் நாளும் பொருந்த வேண்டும், பத்து நாள் முன்னே பின்னே ஆனால் முட்டையிட மொட்டு இருக்காது. அந்தப் பொருத்தம் பார்த்து எடுத்தது. கல்யாணத்துக்குக்கூட நாம் இவ்வளவு பார்ப்பதில்லை.

பிறகு 1990களில் சாமர்செட்டுக்கு வந்தது, நீங்கள் போன காலர்ட் ஹில்லில் 2000இல் விட்டார்கள். குளோஸ்டர்ஷயரில் ராட்பரோ காமன் என்ற மேய்ச்சல் நிலத்தில் சுமார் 150 வருடமாக இந்தப் பூச்சி இல்லை. 2019இல் அங்கே 1,100 புழுக்களை விட்டார்கள், அடுத்த கோடையில் ஏறத்தாழ 750 பட்டாம்பூச்சிகள் பறந்தன என்று கணக்கு. 2022 கோடையில் தென்மேற்கு இங்கிலாந்து முழுக்கச் சேர்த்து 20,000 வரை என்று மதிப்பிட்டார்கள். எந்த இனம் எவ்வளவு அழிவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலிலும் அதே வருடம் மிக ஆபத்தான நிலையிலிருந்து அச்சுறுத்தலை அண்மித்த நிலைக்கு நகர்த்தினார்கள். பூச்சிப் பாதுகாப்பில் இப்படி ஒரு நல்ல செய்தி வருவது எவ்வளவு அரிது தெரியுமா.

ஒன்று சொல்ல மறந்தேன். மூன்று சென்டிமீட்டர் என்பது வேதவாக்கு இல்லை. வெயில் கூடிவருகிறது, கடுங்கோடையில் தெற்குச் சரிவு காய்ந்து தைமும் கருகிவிடும். அதனால் இப்போது ஒரே இடத்தில் குட்டைப் புல், கொஞ்சம் உயர்ந்த புல், குளிர்ந்த பக்கம் பார்த்த சரிவு என்று கலந்து வைக்கிறார்கள். ஒரு வருடம் ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று தாங்கும்.

ராஜ்_78

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இரண்டு உறுத்தல். ஒன்று, எறும்புக் குஞ்சைத் தின்று வளர்கிற ஒரே ஒரு பூச்சிக்காக நாற்பது வருட உழைப்பா? இரண்டு, இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒருவர் "ஊட்டி புல்வெளியில் மாட்டை விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கிளம்பிவிடுவார். விடலாமா?

எறும்புமணி

முதல் உறுத்தலுக்கு: பூச்சிக்காகச் சரிசெய்தது புல்வெளியை. ராட்பரோ பக்கம் அதே மேய்ச்சல் முறையால் பாஸ்க் பூ, அரிதாகிப்போன ஒரு வகை வண்டு, ஷ்ரில் கார்டர் என்ற அபூர்வமான பம்பிள் தேனீ இவற்றுக்கெல்லாம் இடம் கிடைக்கிறது. பட்டாம்பூச்சிதான் எல்லாரிலும் அதிக நச்சரிப்புக்காரர், அவருக்குப் பிடித்தபடி வீடு இருந்தால் மற்றவர்களும் பிழைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவதுக்கு: விடக்கூடாது, குறைந்தபட்சம் இந்தக் கதையை ஆதாரமாகக் காட்டி விடக்கூடாது. நீலகிரியில் நடந்ததே வேறு. அங்கே புல்வெளியைத் தரிசு என்று நினைத்து வாட்டில், தைலமரம், பைன் எல்லாம் நட்டார்கள், இன்றைக்கு அதைப் பிடுங்குவதே பெரிய பாடு. தோடர்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த நிலம் அது, அதனால் மேய்ச்சலே ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. அங்கே எந்தப் பூச்சிக்கு எந்த எறும்பு, எந்தப் புல், எந்த மாதம் என்று யாராவது மண்டியிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அப்புறம் மாட்டை அவிழ்க்கலாம். டார்ட்மூர் அளவுகோலை நீலகிரியில் வைத்து அளந்தால் பழைய வேலிக்காரர்கள் செய்த தப்பைத்தான் திரும்பச் செய்வோம்.

நம் பக்கத்திலும் எறும்போடு சேர்ந்து வாழும் நீலன் வகைப் பட்டாம்பூச்சிகள் ஏராளம். மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டுமே முசுறு, அதன் கூட்டுக்குள்ளேயே இருந்து அதன் புழுக்களைத் தின்று வளரும் ஒரு பட்டாம்பூச்சிப் புழு இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை உண்டு. லார்ஜ் புளூ மாதிரி நாடகம் எல்லாம் ஆடாது. ஆமை ஓடு மாதிரி கெட்டியான முதுகு, முசுறு கடித்தாலும் இறங்காது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு இழை தொடங்கலாம்.

வேலுச்சாமி_தாராபுரம்

தொடங்குங்க அண்ணா. முசுறுக்கடி வாங்காத ஆள் இங்கே யாரும் இருக்கமாட்டார்கள், நல்லாப் போகும்.

அம்மணி, அடுத்த வருடம் போனால் ஜூன் நடுவிலேயே போங்கள், ஜூலை பிறந்துவிட்டால் குறைந்துவிடும் என்கிறார்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், பையனையும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகா_பிரிஸ்டல்

பிடித்துக்கொள்வதா, அவனையா! நேற்று மாலை வீட்டுப் பின்பக்கம் பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்தான். எறும்பு வந்தது, சிவப்பாகத்தான் இருந்தது. இது சபுலெட்டியா இல்லையா என்று என்னைக் கேட்கிறான். அண்ணா, எப்படிக் கண்டுபிடிப்பது?

எறும்புமணி

பிஸ்கட் போட்டது சரியான முறைதான், அங்கே கணக்கெடுக்கிறவர்களும் இப்படித் தீனி வைத்துத்தான் எறும்பைக் கூப்பிடுகிறார்கள். உணர்கொம்பு தலையோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவு இருக்கும், அந்த வளைவில் சின்ன மடல் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். சபுலெட்டிக்கு அந்த மடல் பெரிசு, அதன் பங்காளிக்குச் சின்னது. வெறும் கண்ணால் முடியாது, நல்ல லென்ஸ் வேண்டும், எறும்பும் அசையாமல் இருக்க வேண்டும்.

கார்த்திகா_பிரிஸ்டல்

லென்ஸ் என்ற வார்த்தையை அவன் படித்துவிட்டான். இனி வாங்கித் தரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது.